குறைந்தது பையன்களின் ஓட்டமா, அளந்த விதமா?

வணக்கமுங்க. நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். காங்கயம் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் தினமும் காலையில் முப்பது பேருக்குப் பயிற்சி கொடுக்கிறீர்கள். பாதிப்பேர் காவலர் தேர்வுக்கு, மீதி கபடிக்கு. தை மாதக் கடைசியில் ஒரு முறையும் சித்திரையில் ஒரு முறையும் 12 நிமிட ஓட்டம், தண்டால், உட்கார்ந்து கை நீட்டி எட்டுவது, ஜிம் மெஷினில் கொழுப்புச் சதவீதம் ஆகிய நான்கையும் எடுத்திருக்கிறீர்கள். தண்டால் எல்லோருக்கும் ஏறிவிட்டது. ஓட்டம் பெரும்பாலோருக்கு நூறு மீட்டர் வரை குறைந்துவிட்டது. மெஷினோ ஒரே பையனுக்கு இரண்டு நாள் இடைவெளியில் 4 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது. எந்த டெஸ்ட்டை நம்புவது, கோயமுத்தூரில் லேப் தேடிப் போக வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இருக்கும் நிஜமான கேள்வி இதுதான்: மூன்று மாதத்தில் மாறியது பையன்களின் உடம்பா, நாம் அளந்த விதமா?

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. எல்லோருக்கும் ஒரே பக்கமாக எண் இறங்கியிருந்தால் முதலில் அன்றைய காலைப்பொழுதையும் மைதானத்தையும் சந்தேகப்படுங்கள். எல்லோருக்கும் ஒரே பக்கமாக ஏறியிருந்தால், பயிற்சியைப் பாராட்டும் முன் எண்ணியவரைச் சந்தேகப்படுங்கள். கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் தனியாக மாறியிருந்தால்தான் அந்த ஆளின் உடம்பைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அளவுப் பிழை இரண்டு வகை. ஒன்று அங்கும் இங்கும் சிதறுவது. அதை நிறையப் பேருக்குச் சராசரி எடுத்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். இன்னொன்று எல்லோரையும் ஒரே பக்கம் தள்ளுவது. முந்நூறு பேருக்குச் சராசரி எடுத்தாலும் அது அப்படியே நிற்கும். வெயிலும், தப்பாக அளந்த மைதானமும், தாராள மனதோடு எண்ணுபவரும் இரண்டாவது வகை.

ஓட்டத்திலிருந்து தொடங்கலாம். 12 நிமிட ஓட்டம் கென்னத் கூப்பர் 1968-ல் அமெரிக்க விமானப்படை வீரர்களை வைத்து வெளியிட்ட சோதனை. ஓடிய மீட்டரிலிருந்து 504.9 கழித்து 44.73-ஆல் வகுத்தால் விஓ2 மேக்ஸ் மதிப்பீடு கிடைக்கும். அதாவது ஒரு கிலோ எடைக்கு ஒரு நிமிடத்தில் உடம்பு அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன், மில்லிலிட்டரில். 2400 மீட்டர் என்றால் 42.4, 2300 என்றால் 40.1. இப்போது உங்கள் மைதானத்துக்கு வாருங்கள். 200 மீட்டர் சுற்று என்று எந்தக் கோட்டில் அளந்தீர்கள்? உள்கோட்டில் டேப் வைத்து அளந்துவிட்டு, பையன்கள் அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓடினால், ஒவ்வொரு முழுச் சுற்றுக்கும் 6.28 மீட்டர் கூடுதலாக ஓடுகிறார்கள். சுற்றின் நீளம் எவ்வளவாக இருந்தாலும் இதே கணக்குதான். 12 சுற்றுக்கு 75 மீட்டர் காணாமல் போய்விடும். போன முறை கொடி நட்டு வளைவை இறுக்கமாக வைத்து, இந்த முறை சுண்ணாம்புக் கோடு மட்டும் போட்டிருந்தால், உங்கள் நூறு மீட்டரில் முக்கால் பங்கு அங்கேயே போயிருக்கலாம். முறையான தடகளத்தில் உள்விளிம்புக் கட்டை இருந்தால் அதிலிருந்து 30 செ.மீ. தள்ளியும், வெறும் கோடாக இருந்தால் 20 செ.மீ. தள்ளியும்தான் முதல் தடத்தை அளப்பார்கள். நீங்களும் அப்படியே அளந்து, வளைவில் இரண்டு மீட்டருக்கு ஒரு குச்சி நட்டு, நேர்ப்பகுதியில் 10 மீட்டருக்கு ஓர் அடையாளம் வையுங்கள். துணி டேப் இழுத்தால் நீளும். ஸ்டீல் அல்லது ஃபைபர் டேப் எடுங்கள். ஒரே நேரத்தில் முப்பது பேரை விடாதீர்கள். எட்டுப் பத்துப் பேராகப் பிரித்து, ஓடுகிறவர் ஒவ்வொருவருக்கும் சுற்று எண்ண ஓர் ஆள் வையுங்கள். விசில் அடித்ததும் நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லி மிச்ச மீட்டரைச் சேர்க்க வேண்டும். சுற்றை விட்டு எண்ணுவது இந்தச் சோதனையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தப்பு. ஒருவருக்குத் திடீரென்று 200 மீட்டர் ஏறியிருந்தால் அவருடைய நுரையீரலைவிட எண்ணியவருடைய தாளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது வெயில். தைக் காலையும் சித்திரைக் காலையும் ஒன்றில்லை. உடம்பு சூடாகும்போது இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்பியாக வேண்டும்; காலுக்குப் போகும் பங்கு குறையும், அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு ஏறும், தூரம் குறையும். இதில் சந்தேகமே கிடையாது. ஆகவே சித்திரையில் நடத்துவதானால் ஆறு மணிக்குள் முதல் குழுவை விட்டுவிடுங்கள். கடைசிக் குழு ஏழரைக்கு ஓடினால் அவர்களுக்கு அது வேறு சோதனை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் என்ன வேகத்தில் வருகிறது என்று காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். வட்டமாகத்தானே ஓடுகிறோம், எதிர்க்காற்றும் பின்காற்றும் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. எதிர்க்காற்றில் இழப்பது அதிகம், பின்காற்றில் திரும்பக் கிடைப்பது குறைவு. இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: சித்திரையில் அந்த வாரம் ஊரில் நோம்பி, அதாவது கோயில் திருவிழா, சாட்டியிருந்ததா? இரவெல்லாம் கம்பத்தைச் சுற்றி ஆடிவிட்டுக் காலையில் வந்து ஓடினால் கால் ஓடாது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய்விட்டு வந்த வாரமும் அப்படித்தான். திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து நேராக மைதானத்துக்கு வரும் பையன் இருந்தால், அவருக்கு மட்டும் வாரவிடுமுறை நாளில் தனியாக எடுங்கள்.

இதெல்லாம் சரியாக வைத்தாலும் ஒரே ஆள் இரண்டு முறை ஒரே தூரம் ஓட மாட்டார். முதல் முறை ஓடுகிறவர் முதல் நான்கு நிமிடம் பறந்துவிட்டு அப்புறம் நடப்பார். இரண்டாவது முறை வேகத்தைப் பங்கிடத் தெரிந்திருக்கும். அதனால் முதல் ஓட்டத்தைப் பழக்க ஓட்டமாக வைத்துக் கணக்கிலிருந்து விட்டுவிடுங்கள். பிறகு பயிற்சியில் எதையும் மாற்றாமல் நான்கைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை ஓடவிட்டு, ஒவ்வொருவருக்கும் வித்தியாசத்தை எழுதுங்கள். கணக்குக்காக எட்டுப் பேரை வைத்துக்கொள்வோம்: +40, -20, +60, +30, -50, +10, +70, +20 மீட்டர். சராசரி +20. இது இரண்டாம் முறை பழகியதால் வந்த லாபமாக இருக்கலாம். இந்த எட்டு எண்களின் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு, 40 மீட்டர். போனில் உள்ள எக்செல்லில் போட்டால் வந்துவிடும். அதை இரண்டால் பெருக்கினால் 80. ஒருவருடைய தூரம் அடுத்த மூன்று மாதத்தில் 80 மீட்டருக்குள் ஏறினாலோ இறங்கினாலோ, அதை முன்னேற்றம் என்றோ சரிவு என்றோ சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை. அதைத் தாண்டினால் பேசலாம். முப்பது பேரின் சராசரிக்கு வந்தால் இந்த 40 மீட்டர் சிதறல் முப்பதின் வர்க்கமூலத்தால் வகுபட்டு 7 மீட்டருக்கு இறங்கிவிடும். ஆகவே உங்கள் கூட்டத்தின் சராசரி நூறு மீட்டர் இறங்கியிருந்தால் அந்த இறக்கம் தற்செயல் அல்ல, நிஜம். ஆனால் அதற்குக் காரணம் வெயிலா, கோடா, பயிற்சியா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. இங்கே நான் போட்ட எண்கள் உதாரணம்தான், உங்கள் மைதானத்துக்கு உங்கள் எண்ணை நீங்களே எடுக்க வேண்டும்.

விஓ2 மேக்ஸாக மாற்றுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாற்றாதீர்கள். கூப்பரின் சூத்திரம் அவர் பார்த்த ஆட்களின் சராசரிக் கோடு. ஒருவருக்கு அது இரண்டு மூன்று அலகு மேலேயோ கீழேயோ தள்ளியிருப்பது சகஜம். அதே ஓட்டத்தை வேறு சூத்திரத்தில் போட்டால் வேறு எண் வரும். மீட்டரை மீட்டராகவே எழுதி வைத்தால் அதில் ஒரு பிழை குறைவு. இணையத்தில் கிடைக்கும் 'சிறப்பு, நன்று, சுமார்' அட்டவணைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு ஆட்களை அளந்து போட்டவை. அவற்றைச் சுவரில் ஒட்டி, நம்மூர்ப் பையனுக்குச் 'சுமார்' என்று முத்திரை குத்த அவசியமே இல்லை. அவனுடைய போன எண்ணோடு அவனை ஒப்பிடுங்கள்.

அதைவிட, 12 நிமிட ஓட்டம் உங்கள் ஆட்களுக்குப் பொருத்தமா என்று யோசியுங்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 நொடி. அந்தந்த வருட அறிவிக்கையை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனுக்கு அந்த 1500 மீட்டரே சோதனை. 200 மீட்டர் சுற்றில் ஏழரைச் சுற்று, சுற்றுக்கு 56 நொடி. எந்தச் சுற்றில் 56-ஐத் தாண்டுகிறார் என்று எழுதினால் என்ன பயிற்சி தேவை என்பது தானாகத் தெரியும். கபடிக்காரர் கதை வேறு. ஒரு ரெய்டு 30 நொடி. நின்று, குனிந்து, திரும்பி, பாய்ந்து, மறுபடி மூச்சு வாங்கி நிற்கிற ஆட்டம். அவருக்கு 20 மீட்டர் ஷட்டில் ஓட்டம் ஓரளவு நெருக்கம். 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு, பீப் சத்தத்துக்குள் எதிர்க்கோட்டை மிதிக்க வேண்டும், மணிக்கு 8.5 கிலோமீட்டரில் தொடங்கி நிமிடத்துக்கு அரைக் கிலோமீட்டர் ஏறும். தொடர்ந்து இரண்டு முறை கோட்டைத் தவறவிட்டால் முடிந்தது. இதில் மாட்டிக்கொள்வது பீப் கோப்பில்தான். சில ஆப்கள் 8-ல் தொடங்கி 9-க்குத் தாவும். முதல் நிமிடத்தில் ஒரு பீப்புக்கும் அடுத்ததற்கும் 8.5 நொடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறதா என்று ஸ்டாப்வாட்ச்சில் பார்த்துவிட்டு, அதே கோப்பைக் கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள். செம்மண்ணில் சரளைக்கல் கிடந்தால் திரும்பும் இடத்தில் கால் வழுக்கும். அங்கே தோற்பது கால், மூச்சு அல்ல. கோட்டுக்கு இரண்டு பக்கமும் கூட்டிவிட்டு நடத்துங்கள். ஒரு முறை ஷூ, ஒரு முறை வெறுங்கால் என்றும் விடாதீர்கள்.

கபடிக்குக் கூடவே செங்குத்துத் தாவல் சேருங்கள். டட்லி சார்ஜன்ட் 1921-ல் எழுதிய பழைய சோதனை, செலவில்லை. சுவரோரம் நின்று எட்டும் உயரத்தையும் தாவி எட்டும் உயரத்தையும் சாக்பீஸால் குறித்து வித்தியாசத்தை எடுப்பது. பையன்கள் கண்டுபிடிக்கும் குறுக்கு வழி என்ன தெரியுமா? நிற்கும்போது தோளை முழுதாக நீட்ட மாட்டார்கள். சில சென்டிமீட்டர் இலவசமாகக் கிடைத்துவிடும். குதிகால் தரையில் இருக்க, தோள் காதைத் தொட நீட்டச் சொல்லிப் பிறகு குறியுங்கள்.

தண்டால் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. எல்லோருக்கும் ஏறியிருக்கிறது என்றீர்கள். பயிற்சியால் ஏறியிருக்கவும் செய்யலாம். ஆனால் எவ்வளவு இறங்கினால் ஒன்று என்று முன்பே முடிவு கட்டவில்லை என்றால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. முழங்கை செங்கோணத்துக்கு மடங்க வேண்டும். நெஞ்சுக்குக் கீழே ஒரு ஸ்பாஞ்ச் கட்டையோ கூட்டாளியின் முஷ்டியோ வைத்து, அதைத் தொட்டால் மட்டும் எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒன்று என்ற தாளத்தை மெட்ரோனோம் ஆப்பில் வையுங்கள். வேகமாக அடித்து முப்பது எடுப்பவரும் நிதானமாக முப்பது எடுப்பவரும் ஒரே பலம் கொண்டவர்கள் இல்லை. இடுப்பு தொங்கினால் ஒரு எச்சரிக்கை, இரண்டாம் முறை நிறுத்தம். முக்கியமாக, இரண்டு முறையும் ஒரே ஆள் எண்ண வேண்டும், அவர் அந்தப் பையனின் நண்பராக இருக்கக் கூடாது.

உட்கார்ந்து எட்டுவதை நீட்டி முழக்க மாட்டேன். அது பெரும்பாலும் தொடையின் பின்தசையைத்தான் அளக்கிறது. முதுகு வலி வருமா வராதா என்பதை அதிலிருந்து சொல்ல முடியாது. கை நீளமான ஆளுக்கு ஆதாயம் உண்டு. இதற்கு வைக்கும் அளவுப் பெட்டியில் பாதம் படும் இடம் சிலவற்றில் 23 செ.மீ., சிலவற்றில் 26 செ.மீ. என்று குறித்திருக்கும், பெட்டி மாறினால் எண்ணும் மாறும்.

ஜிம் மெஷின் கொழுப்பைப் பார்ப்பதே இல்லை. பாதம் அல்லது கை வழியே சிறு மின்சாரத்தை அனுப்பி, உடம்பு எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கிறது. தண்ணீரும் தசையும் நன்றாகக் கடத்தும், கொழுப்பு அவ்வளவாகக் கடத்தாது. மிச்சமெல்லாம் உயரம், எடை, வயதை வைத்து உள்ளே போடும் சூத்திரம். தண்ணீர் குடித்தது, சாப்பிட்டது, வியர்த்தது, பாதம் காய்ந்திருந்தது எல்லாம் அந்தத் தடையை மாற்றும். இரண்டு நாளில் 4 சதவீதம் என்பது 70 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 3 கிலோ கொழுப்பு. அது நடக்கிற காரியமில்லை, மாறியது தண்ணீர்தான். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, எதுவும் சாப்பிடாமல், முந்தைய 12 மணி நேரம் பயிற்சி இல்லாமல் அதே மெஷினில் ஏறினால் ஓரளவு உதவும். அதற்குப் பதில் தோல் மடிப்பின் தடிமனை அளக்கும் ஸ்கின்ஃபோல்ட் காலிப்பர் ஒன்று வாங்கிப் பழகுவது மேல். கையின் முன்பக்கம், பின்பக்கம், தோள்பட்டை எலும்புக்குக் கீழ், இடுப்பெலும்புக்கு மேல் என்று நான்கு இடம், எப்போதும் வலப்பக்கம். இடது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோல் மடிப்பைத் தூக்கி, விரலுக்கு ஒரு செ.மீ. கீழே கருவியை வைத்து, இரண்டு நொடி கழித்துப் படியுங்கள். நான்கு இடத்தையும் ஒரு சுற்று முடித்துவிட்டு மறுசுற்று எடுங்கள்; ஒரே இடத்தில் அடுத்தடுத்துக் கிள்ளினால் மடிப்பு அமுங்கிக் குறைத்துக் காட்டும். நான்கின் கூட்டுத்தொகையை மில்லிமீட்டரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இந்த நான்கு இடத்திலிருந்து சதவீதம் போடும் டர்னின், வோமர்ஸ்லி சூத்திரம் 1974-ல் கிளாஸ்கோ ஆட்களை அளந்து எழுதியது. நம்மவர்களுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது கேள்விக்குறி. அதே பிஎம்ஐ-யில் (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) இந்தியருக்குக் கொழுப்பு கூடுதல் என்பது உறுதி. அதனால்தான் இங்கே 25-க்குப் பதில் 23-லேயே அதிக எடை தொடங்குகிறது. ஆனால் 172 செ.மீ. உயரம், 80 கிலோ எடை உள்ள கபடி ஆட்டக்காரருக்கு பிஎம்ஐ 27 வரும். இடுப்புச் சுற்றளவு 82 செ.மீ.தான் என்றால் அது தசை. 90-ஐத் தாண்டினால் பேச வேண்டிய விஷயம்.

மழை பெய்து கரிசல் மண் காலில் அப்பும் நாட்களுக்கு ஒரு படி ஏறும் சோதனையைக் கையில் வைத்திருங்கள். 1943-ல் வந்த ஹார்வர்டு படி 50.8 செ.மீ. உயரம், ஐந்து நிமிடம்; குட்டையான ஆளுக்கும் முட்டி வலிக்காரருக்கும் அது தண்டனை. குயின்ஸ் காலேஜ் சோதனையில் படி 41.3 செ.மீ., மூன்று நிமிடம். ஆண்களுக்கு நிமிடத்துக்கு 24 ஏற்றம், ஏற்றத்துக்கு நான்கு தட்டு என்று மெட்ரோனோம் 96. பெண்களுக்கு 22, மெட்ரோனோம் 88. நின்றபடியே, முடித்த ஐந்தாவது நொடியிலிருந்து இருபதாவது நொடி வரை நாடியை எண்ணி நான்கால் பெருக்குங்கள். எண்ணிக்கையில் ஒன்று தப்பினால் நான்கு துடிப்பு தப்பும். டீ குடித்துவிட்டு வந்தாலே துடிப்பு கூடுதலாகக் காட்டலாம் என்பதால், இதை வைத்து யாரையும் தேர்வு செய்யவோ தள்ளவோ வேண்டாம்.

வரிசையும் முக்கியம். முதல் நாள் உயரம், எடை, இடுப்பு, ஸ்கின்ஃபோல்ட். பிறகு உடம்பைச் சூடாக்கி எட்டுவது, தாவல், கடைசியாகத் தண்டால். ஓட்டத்தை ஒரு நாள் விட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்கு முன் ஒவ்வொருவரிடமும் நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத்திணறல், குடும்பத்தில் சின்ன வயதில் திடீர் மரணம், சமீபத்தில் காய்ச்சல் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒன்றுக்கு ஆம் என்றாலும் டாக்டர் பார்க்கும் வரை அவரை முழு மூச்சு ஓட்டத்துக்கு விடாதீர்கள்.

லேப் தேவையா என்றால், இந்த முப்பது பேருக்குத் தேவையில்லை. முகமூடி மாட்டி ட்ரெட்மில்லில் மூச்சுக்காற்றை அளப்பது விஓ2 மேக்ஸை நேரடியாகச் சொல்லும், ஆனால் அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு உங்கள் பயிற்சியில் என்ன மாற்றுவீர்கள்? அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல டேப்பும் இரண்டு ஸ்டாப்வாட்ச்சும் காலிப்பரும் வாங்கலாம். பெரியநாயக்கன்பாளையம் மாருதி உடற்கல்விக் கல்லூரி போன்ற இடத்தில் படித்த ஆசிரியர் உங்கள் பள்ளியிலோ பக்கத்துப் பள்ளியிலோ இருந்தால், காலிப்பர் பிடிப்பதை அவரிடம் ஒரு காலை கற்றுக்கொள்ளுங்கள். எழுதிப் புரிய வைக்க முடியாத வேலை அது.

லேப் என்று ஒன்றுக்குப் போக வேண்டி வந்தால் அது ரத்தத்துக்குத்தான். மைதானம், வெயில், எண்ணுபவர் எல்லாம் சரியாக இருந்து, மற்றவர்களுக்கு ஏறும்போது ஒரு பையனோ பெண்ணோ மட்டும் தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தால், இன்னும் கடுமையாக ஓட்டாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. அதைச் சரிசெய்யாமல் எத்தனை சுற்று ஓடவிட்டாலும் தூரம் ஏறாது.